மூவாயிரம் குடும்பங்கள்: ஒரு விக்கிப்பீடியா பக்கத்தைப் பழுதுபார்த்த குறிப்பு

பழுதுபார்க்க வரும் காற்றாடியை நான் உடனே திறப்பதில்லை. இதற்கு முன்பு யார் திறந்தது என்று கொண்டுவந்தவரிடம் கேட்பேன். பாதிப் பழுது, முன்பு பழுதுபார்த்தவர் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி இதுவரை வீண்போனதில்லை.

போன ஆண்டு இறுதியில் கடைக்கு வந்த பழுது வேறு வகை. அக்காள் மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். பள்ளியில் சொந்த ஊர் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறான். "1950களில் இங்கே 3000 குடும்பங்கள் வாழ்ந்தன" என்ற வரியின் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: "எங்கே?"

"மாமா, விக்கிப்பீடியாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்று கைப்பேசியைக் காட்டினான். அப்படித்தான் போட்டிருந்தது. தோட்டத்தின் மூன்று பிரிவுகளையும், அதாவது டிவிஷன்களையும், சேர்த்தால் எங்கள் லயங்களில் (வரிசை வீடுகளில்) சுமார் முந்நூறு வீடுகள் இருந்தன. அந்தக் கணக்குப்படி வீட்டுக்குப் பத்துக் குடும்பம். குளியலறைக்குக் காலை மூன்று மணிக்கே வரிசை பிடித்திருக்க வேண்டும்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றிரவே யாராவது போய் இன்னொரு சுழியம் போட்டுப் பார்ப்பார்கள்.

முதல் ஞாயிறு

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. கட்டுரை பிறந்த நாளிலிருந்து அதைத் தொட்ட ஒவ்வொரு கையும் அங்கே பதிவாகியிருக்கும்: நாள், நேரம், பயனர் பெயர், எத்தனை பைட் கூடியது அல்லது குறைந்தது, எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு வரிச் சுருக்கம். முன்பு யார் திறந்தது என்று நான் கேட்கும் கேள்விக்கு இவ்வளவு ஒழுங்கான பதிலை எந்த வாடிக்கையாளரும் எனக்குத் தந்ததில்லை.

எட்டு ஆண்டுகளில் 31 மாற்றங்கள். எல்லாவற்றையும் திறந்து படிக்கப் பொறுமை இல்லாமல், பைட் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். +412, −36, +27, +1. அந்த +1 என்னை நிறுத்தியது. யூ.டி.எஃப்-8 என்ற முறையில் கணினி ஒரு தமிழ் எழுத்தைச் சேமிக்கக் குறைந்தது 3 பைட் வேண்டும். புள்ளி வைத்த மெய்யெழுத்து என்றால் எழுத்துக்கு 3, புள்ளிக்கு 3, ஆக 6. எனவே ஒரே ஒரு பைட் கூடியிருந்தால் அங்கே நுழைந்தது தமிழ் எழுத்து அல்ல. இடைவெளியாகவோ காற்புள்ளியாகவோ இலக்கமாகவோதான் இருக்க வேண்டும்.

திறந்தேன். இடப்பக்கம் 300, வலப்பக்கம் 3000. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு டிசம்பர் மதியம். பெயர் இல்லை, ஐ.பி. எண் மட்டும். சுருக்கமும் இல்லை. பள்ளி விடுமுறையில் எவனோ ஒரு பயல் விளையாடியிருக்கிறான். இதற்கு விக்கிப்பீடியர்கள் 'விசமத் தொகுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். சுழியம் சத்தம் போடாது.

அதற்குப் பிறகு ஏழு பேர் அந்தக் கட்டுரையைத் தொட்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டுரையை வகைப்படுத்தும் பகுப்பு சேர்த்திருக்கிறார். ஒரு தானியங்கி நிரல் எதையோ சீராக்கியிருக்கிறது. இன்னொருவர் அதே வரியில் 'குடும்பங்கள் வாழ்ந்தனர்' என்று இருந்ததை 'வாழ்ந்தன' என்று திருத்தியிருக்கிறார். இலக்கணம் சரியானது, எண் தப்பித்துக்கொண்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கேயோ உட்கார்ந்து படிப்பவருக்கு மூவாயிரம் என்பது ஓர் எண். அதைச் சந்தேகிக்க அந்த லயத்து வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு மாற்றத்தை மட்டும் திருப்புவதற்கு 'மீளமை' என்ற வசதி உண்டு. இங்கே அது வேலை செய்யவில்லை. அதே வரியைப் பின்னால் வேறொருவர் திருத்தியிருந்ததால் முரண்படுகிறது என்றது. ஒரு கணக்கைத் தொடங்கி, 'தொகு' என்பதை அழுத்தி, சுழியத்தைக் கையால் எடுத்தேன். சுருக்கத்தில் "குடும்ப எண்ணிக்கையில் கூடிய சுழியத்தை நீக்கினேன்" என்று எழுதிச் சேமித்தேன். −1. யாரும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை. மாற்றம் அந்த நொடியே உலகத்துக்குத் தெரிந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காற்றாடியைத் திறந்தவன் தூசியைத் தட்டாமல் மூடமாட்டான்.

இரண்டாம் வாரம், சூடு பட்டது

அன்றிரவே நாற்பது வரி எழுதினேன். வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் அதிகாலைப் பெரட்டு, கிராணி (எழுத்தர்) பெயர் கூப்பிடுவது, பால் கொட்டகையில் வாளிகள் வரிசையாக நிற்பது, ஒட்டுப்பால் வாடை, ஆயாக் கொட்டகையில் தொட்டில்கள், கோயில் திருவிழாவில் மூன்று டிவிஷன்களும் சண்டை போட்டுக்கொண்டது, கள்ளுக்கடை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் நாற்பதில் இருபத்தாறு வரியைக் காணவில்லை. மீதி இருந்த பகுதியின் மேலே 'சான்றுகள் தேவை' என்று ஒரு பெட்டி தொங்கியது.

முதலில் வந்தது கோபம்தான். என் தோட்டத்தைப் பற்றி எனக்கே சான்று வேண்டுமா? பிறகுதான், மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்தைக் கவனித்தேன். 'வாருங்கள்' என்று வழக்கமான வரவேற்பு. அதன் கீழே, நீக்கியவர் தன் கையால் எழுதிய குறிப்பு. பயனர் பக்கத்தில் ஊர் யாழ்ப்பாணம் என்று போட்டிருந்தது. நான் எழுதியது அருமையான நினைவுக்குறிப்பு என்றும், நினைவுக்குறிப்பை வேறோர் இடத்தில் அச்சிட்டால் அதையே மேற்கோளாக இங்கே காட்டலாம் என்றும், அதுவரை இது கலைக்களஞ்சியத்தில் நிற்காது என்றும் எழுதியிருந்தார். "ஐயா, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் வாசகர் உங்களை நம்பவேண்டிய நிலையை நாம் உண்டாக்கக் கூடாது" என்று முடித்திருந்தார்.

இதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'மெய்யறிதன்மை' என்று பெயர். படிப்பவர் தானே போய்ச் சரிபார்க்க, ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் வேண்டும். கூடவே நடுநிலை நோக்கு, சொந்த ஆய்வு கூடாது என்ற இரண்டும். 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கிய திட்டம் இன்றுவரை இந்த மூன்று கட்டைகளின் மேல்தான் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று கதவைத் திறந்து வைத்த வீட்டுக்கு இவை இல்லாவிட்டால் எப்படிக் கூரை நிற்கும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பிப் போக வைத்தவர் டீச்சர். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு மூன்றாம் ஆண்டு பாடம் எடுத்தவர், ஓய்வு பெற்று இப்போது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார். சோற்றுப் பானையைச் சரிசெய்ய வந்தவரிடம் புலம்பினேன். "நீ அன்றைக்கும் இப்படித்தான், கணக்கில் விடை சரியாக இருக்கும், வழிமுறை எழுத மாட்டாய்" என்றார். மறுநாள் பள்ளியின் பழைய ஆண்டுவிழா மலர் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அட்டை கிழிந்து, கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. உள்ளே குடும்ப எண்ணிக்கை இருந்தது: 284.

ஆக நான் வீரமாகத் திருத்திய 300ம் சரியில்லை.

சான்று தேடிய வாரங்கள்

அதன் பிறகு ஞாயிறு மதியங்களில் கடை பாதிக் கதவை இறக்கிவிட்டு நாங்கள் நால்வர் உட்காரத் தொடங்கினோம். டீச்சர், அக்காள் மகன், முன்பு தொழிற்சங்கத்தில் எழுத்து வேலை பார்த்த ஓர் அண்ணன், நான். தே ஓவும் கறிப்பப்பும் என் செலவு.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை மின்வருடி இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசும் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கில நாளிதழ்கள் ரப்பர் கம்பெனிகளின் மாத உற்பத்தியைப் பவுண்டுக் கணக்கில் வரிசையாக அச்சிட்டன. எங்கள் தோட்டம் எந்த மாதம் எவ்வளவு பால் கொடுத்தது என்பது லண்டன் பங்குதாரருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. பாலெடுக்க மரம் வெட்டியவன் பெயர் அங்கே ஓரிடத்திலும் கிடையாது.

ஒரு மாதம் தேடியும் எதுவும் சிக்கவில்லை. காரணம் அற்பமானது. நாங்கள் தமிழ்ப் பெயரில் தேடிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, சனங்கள் வைத்த பெயர் ஒன்று. எங்கள் வாயில் புழங்கிய பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. சம்பளச் சீட்டில் இருந்த ஆங்கிலப் பெயரை அண்ணன்தான் நினைவுபடுத்திச் சொன்னார். அதைப் போட்டதும் ஐம்பதுக்கு மேல் செய்திகள் வந்து விழுந்தன.

கட்டுரைக்கு எந்தப் பெயர் வைப்பது? விக்கியில் இதற்கு அழகான வழி உண்டு. ஒரு பெயரைத் தலைப்பாக்கி, மற்றொன்றை 'வழிமாற்று' ஆக்கிவிடலாம். யார் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்வார்கள். ஆனால் அந்தச் செல்லப்பெயருக்கும் சான்று கேட்டார்கள். கோயில் கல்வெட்டில் இருப்பதைப் படமெடுத்துப் போட்டேன். படம் போதுமா, அச்சில் வேண்டுமா என்று பேச்சுப் பக்கத்தில் மூன்று பேர் ஒரு வாரம் பேசினார்கள். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் கரையான் தின்ற அந்த மலரிலேயே அந்தப் பெயர் இருந்தது. மலர் வாழ்க.

அச்சில் ஏறாத சனங்களின் வரலாறு என்ன ஆகும் என்பது எங்களுக்கு மட்டும் தோன்றிய கேள்வி அல்ல. 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிலர், வாய்மொழிப் பேட்டியை ஒலிப்பதிவு செய்து அதையே மேற்கோளாகப் பயன்படுத்தலாமா என்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவுக்குள்ளேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது பொது வழக்கமாகவில்லை. ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டிக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. அவரிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கட்டுரையில் அதிலிருந்து ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. விதி தவறு என்று சொல்லவும் முடியவில்லை, ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

அப்பா சொன்ன கதை

கட்டுரையின் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: "மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணமான துப்பாக்கிச் சூடு இத்தோட்டத்தில்தான் நடந்தது." யாரோ எங்கள் பக்கத்து ஆள் சேர்த்ததுதான். நானே சேர்த்திருப்பேன், அவர் முந்திக்கொண்டார். என் அப்பா ஆயிரம் முறை சொன்ன கதை அது. துரையைச் சுட்டது, அன்றைக்குப் பெரட்டே இல்லாமல் போனது, ராணுவ லாரிகள் வந்தது, எல்லாம்.

நாளிதழைத் திறந்து பார்த்தோம். 1948 ஜூன் 16. சுங்கை சிப்புட்டுக்கு அருகே எல்ஃபில் தோட்டத்தில் நிர்வாகி ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலை பின் சூன் தோட்டத்தில் ஜான் அல்லிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசின் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. எங்கள் தோட்டத்தின் பெயர் எங்கும் இல்லை. (ஜூன் 16 எங்கள் ஊர் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தனின் பிறந்த நாளும்கூட. அன்றைக்கு அவருக்கு 29 வயது நிறைந்திருக்கிறது. இதைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். தோட்டக் கட்டுரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று டீச்சர் வாயை அடைத்துவிட்டார்.)

அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு அவசரகாலத்தில் சுடப்பட்ட தோட்ட நிர்வாகிகள் அந்த மூவர் மட்டுமல்ல. எங்கள் தோட்டத்திலும் ஏதோ நடந்திருக்கலாம். கதை சொல்லச் சொல்ல, சின்னக் கதை பெரிய கதையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாட்டியின் ஒலிப்பதிவிலும் அதே துரைதான், அதே லாரிதான், ஆனால் நடந்தது தன் கல்யாணத்துக்குப் பிறகு என்கிறார். கல்யாணம் 1952இல்.

அந்த வரியை யார் நீக்குவது என்று நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்காள் மகன் எடுக்கத் தயாராக இருந்தான். அவனுக்கு அது ஒரு பிழை, அவ்வளவுதான். நான்தான் நீக்க வேண்டும் என்று விசைப்பலகையை வாங்கிக்கொண்டேன். சுருக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். "சான்றுகளின்படி நிகழ்விடம் எல்ஃபில், பின் சூன் தோட்டங்கள்." சேமித்தேன். மூன்று நாள் கழித்துப் பழைய தோட்டத்துக்காரர் ஒருவர் பாசாரில் என்னை மறித்து, "நம் வரலாற்றை நீயே அழித்துவிட்டாயாமே தம்பி" என்றார். மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

சொற்சண்டை

இது சின்ன விஷயம், ஆனால் நேரத்தை அதிகம் தின்றது. நான் 'செம்பனை' என்று எழுதியதை ஒருவர் 'எண்ணெய்ப் பனை' என்று மாற்றினார். திருப்பினேன். மறுபடி மாற்றினார். மறுபடி திருப்பினேன். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் ஒரே பக்கத்தில் திருப்பக் கூடாது என்று விக்கிப்பீடியாவில் விதி உண்டு என்பதை அப்போதுதான் ஒருவர் வந்து சொன்னார். பேச்சுப் பக்கத்துக்குப் போனோம். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள். ஜப்பானா யப்பானா, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் பேசித் தீர்த்ததும் தீராததும் ஒரு நூலகம் கொள்ளும். ஆலமரத்தடி என்று பொதுப்பேச்சுக்கு ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தம்தான், உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருப்பதில்லை.

செம்பனை நின்றது, மலேசியாவில் பள்ளிப் புத்தகம் முதல் நாளிதழ் வரை அதுதான் வழக்கு என்று டீச்சர் எடுத்துக்காட்டினார். முதல் இடத்தில் மட்டும் மற்றச் சொல்லையும் அருகில் வைத்தோம். 'வெள்ளி'யில் நான் தோற்றேன். நமக்கு வெள்ளி என்றால் பணம். மதுரையில் படிப்பவர், கூலியை வெள்ளிக்கட்டியாகக் கொடுத்தார்களா என்று யோசிப்பார். 'ரிங்கிட்' என்று நானே மாற்றினேன். எதிராளி எனக்கு நன்றி அனுப்பினார். வரலாற்றுப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. சம்பளமில்லாத வேலையில் அந்தப் பொத்தானுக்கு என்ன பலம் என்று வாங்கியவருக்குத்தான் தெரியும்.

பிஸ்கட் டின்னில் இருந்த படம்

எங்கள் வீட்டில் பெரட்டுக் களத்தில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. அதை மின்வருடி, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். 'சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தைத் தட்டினேன். படம் என் வீட்டில் இருக்கிறது, எனவே என் சொந்தம் என்பது என் கணக்கு. ஒரு வாரத்தில் நீக்கல் வேண்டுகோள் வந்தது. படம் வைத்திருப்பவர் வேறு, உரிமை வைத்திருப்பவர் வேறு. எடுத்தது பட்டணத்துப் படக்கடை. அந்தக் கடை மூடி எத்தனையோ காலம். உரிமையாளர் எழுத்துமூலம் அனுமதி அனுப்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைக்காரரின் குடும்பத்தைத் தேடினோம், கிடைக்கவில்லை. படம் நீக்கப்பட்டது. பிழை என்னுடையதுதான், கட்டத்தைத் தட்டும்முன் படித்திருக்க வேண்டும்.

மறு வாரம் மோட்டாரில் தோட்டத்துக்குப் போனோம். இப்போது எங்கும் செம்பனை. ஒரே ஒரு வரிசை லயம் கூரையில்லாமல் நிற்கிறது. ரப்பர்த் தகடு காயவைத்த புகைக்கூடத்தின் சுவரில் அத்திமரம் வேர்விட்டிருக்கிறது. அக்காள் மகன் பதினொரு படம் எடுத்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றினான்: எடுத்தவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்ந்தால், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். "விற்றால் நமக்கு என்ன கிடைக்கும் மாமா?" என்றான். "உன் பெயர்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். அன்றிரவே ஜெர்மானிய மொழியில் பயனர் பக்கம் வைத்திருக்கும் ஒருவர், சாய்ந்திருந்த ஒரு படத்தை நிமிர்த்திவிட்டுப் போயிருந்தார். ஒரு சொல் பேசவில்லை.

யார் இவர்கள்

வேலை முடிவதற்குள் பதினொரு வாரம் ஓடிவிட்டது. 'விக்கி' என்பது ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள்படுமாம்.

கடைசியில் உட்கார்ந்து வரலாற்றை எண்ணினேன். நாங்கள் நால்வரும் செய்த மாற்றங்களைவிட, முகம் தெரியாதவர்கள் செய்தவை அதிகம். மேற்கோளின் வடிவத்தைச் சீராக்கியது, தகவற்பெட்டி வைத்தது, வரைபடத்தில் புள்ளி குத்தியது, பகுப்பில் சேர்த்தது, 'சுங்கை சிப்புட்' என்ற இணைப்பு மலாக்கா மாநிலத்தில் உள்ள அதே பெயர் ஊருக்குப் போய்விடாமல் பேராக்கில் உள்ளதற்குத் திருப்பியது. இந்த வேலைகளுக்குப் பெயரும் இல்லை, பாராட்டும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்ற ஒருசிலர் ஆரம்பத்தில் இடைமுகத்தைத் தமிழாக்கி, கட்டுரைகளை ஒவ்வொன்றாக எழுதி நிரப்பினார்கள். 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எண்ணிக்கையைக் காட்டித்தான் எல்லாரும் பெருமைப்படுகிறார்கள். எனக்கு ஆச்சரியம், அந்த ஒரு லட்சத்தையும் யார் பெருக்கித் துடைக்கிறார்கள் என்பதுதான்.

அவர்கள் எண்ணிக்கைக்கு மயங்காத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து நீளநீளமான ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. பக்கங்கள் குவிந்தன. ஆனால் தமிழ் தடுமாறியது, இணைப்புகள் போய்ச் சேரப் பக்கம் இல்லாமல் சிவப்பாகத் தொங்கின, தலைப்புகள் பல தமிழ் வாசகர் தேடுபவை அல்ல. எழுதியவர்கள் போய்விட்டார்கள், துடைக்க வேண்டியவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் சும்மா இருக்காமல் நிறுவனத்தோடு பேசி, தலைப்புத் தெரிவுக்கும் தரத்துக்கும் ஒழுங்கு கேட்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. சுருள் சுற்றிக் கொடுத்துவிட்டு ஓடிப்போகிறவனின் காற்றாடி மறுபடி என் மேசைக்குத்தான் வரும்.

எங்கள் நால்வரில் அண்ணன் இடையிலேயே நின்றுவிட்டார். அவர் எழுதிய தொழிற்சங்கப் பத்தியை ஒருதலைப்பட்சம் என்று யாரோ சுருக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960இல் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்கியதும் நின்றன. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற பகுதி போய்விட்டது. அந்தப் பகுதிக்காகத்தான் அவர் எழுதவே வந்தார். ஞாயிறுகளில் அவர் நாற்காலியை நாங்கள் எடுத்துப் போடுகிறோம், காலியாகவே இருக்கிறது. கறிப்பப்பு மட்டும் ஒன்று குறைத்து வாங்குகிறேன்.

இப்போதைய நிலை

கட்டுரை என் கவனிப்புப் பட்டியலில் இருக்கிறது. யார் தொட்டாலும் எனக்குத் தெரியும். போன மாதம் மறுபடி ஒரு +1 வந்தது. 284 என்பது 2849 ஆகியிருந்தது. கடையில் ஆள் இருந்ததால் பத்து நிமிடம் கழித்துத்தான் திறந்தேன். அதற்குள் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் திருப்பிவிட்டிருந்தார். நான் நன்றிப் பொத்தானை அழுத்தினேன்.

பாக்கி வேலைகள்: தோட்டப்பள்ளி பட்டணத்துக்கு மாற்றப்பட்ட ஆண்டுக்கு இன்னும் அச்சுச் சான்று கிடைக்கவில்லை. கோயிலுக்குத் தனிக் கட்டுரை எழுதப் போதிய குறிப்பிடத்தக்கமை இல்லை என்கிறார்கள், எனவே அந்த இணைப்பு சிவப்பாகவே கிடக்கிறது. பாட்டியின் பேட்டியை டீச்சர் எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறார். பள்ளியின் அடுத்த மலரில் போடக் கேட்டிருக்கிறோம். அச்சாகிவிட்டால் மேற்கோள் ஆகும். 1952 லாரிக் கதையும் அதில் இருக்கிறது.

நேற்றிரவு கடை மூடும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. கட்டுரையில் ஒரு மாற்றம், நான் பார்த்தே இராத ஒரு பயனர் பெயர், +6. திறந்தேன். புகைக்கூடத்தைப் பற்றி நான் எழுதியிருந்த வரியில் 'காயவைக்க கட்டப்பட்ட' என்று இருந்ததை 'காயவைக்கக் கட்டப்பட்ட' என்று மாற்றியிருந்தார்.